வேலூர்ல இருந்துகிட்டு ஒரு பயோகெமிஸ்ட்ரி ஆய்வு பண்றது எப்படி? கேள்வில ஆரம்பிச்சு தீசிஸ் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

எம்டி முதல் வருஷம் சேந்தவங்க, எம்பிபிஎஸ் படிக்கும்போதே ஒரு சின்ன ப்ராஜெக்ட் பண்ணிடணும்னு நெனைக்கிறவங்க, எம்எல்டி (லேப் டெக்னாலஜி) பசங்க, யார் வந்தாலும் மொதல்ல கேக்குறது எந்த டாபிக் எடுக்கலாம், எந்த கிட் வாங்கலாம்னுதான். கிட்டு கதைய அப்புறம் பாத்துக்கலாம். ஆய்வு கெட்டுப்போறது பெரும்பாலும் மெஷின்ல இல்ல, டியூப் மெஷினுக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடியே கெட்டுப்போயிருக்கும், யார்கிட்ட ரத்தம் எடுத்தீங்க, எத்தனை மணிக்கு எடுத்தீங்க, என்ன கலர் மூடி, எவ்ளோ நேரம் வெளிய கிடந்துச்சு, விஷயம் பூரா அதுலதான் இருக்கு. அதனால இதுல அந்தப் பகுதி நீளமா இருக்கும், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதி கொஞ்சமாதான் இருக்கும், கோச்சுக்காதீங்க.

பொதுவா பேசிட்டே போனா புரியாது, அதனால ஒரே ஒரு உதாரண ஆய்வ எடுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் அதையே வச்சு சொல்றேன். சுகர் இல்லாத, ஆனா இரும்புச்சத்து குறைவால ரத்தசோகை இருக்குற பொம்பளைங்களுக்கு எச்பிஏ1சி டெஸ்ட் (ஹீமோகுளோபின்ல ஒட்டியிருக்குற சர்க்கரைய வச்சு கடந்த ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டுறது) உண்மைய விட கூட காட்டுதா, இரும்பு மாத்திரை 3 மாசம் சாப்பிட்டதுக்கப்புறம் அது குறையுதா? அவ்ளோதான் கேள்வி. நம்ம பக்கம் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போறவங்க, குடியாத்தத்துல பீடி சுத்துறவங்கன்னு ஓபிடில (வெளிநோயாளி பிரிவுல) உக்காந்தா ரத்தசோகை கேஸ் நாள் பூரா வந்துட்டேதான் இருக்கும், ஆளுக்குப் பஞ்சமே இல்ல.

படி 1: கேள்விய ஒரே வரில எழுதுங்க

"ரத்தசோகையும் சர்க்கரை நோயும், ஒரு பார்வை" இதெல்லாம் கேள்வி இல்ல, தலைப்பு. கேள்வின்னா அதுல யாரு, எத அளக்குறோம், யாரோட ஒப்பிடுறோம், எவ்ளோ காலம்ன்ற நாலும் இருக்கணும். நம்ம உதாரணத்துல பாருங்க: 18ல இருந்து 45 வயசு வரைக்கும் இருக்குற பொம்பளைங்க, எச்பிஏ1சி, ரத்தசோகை இல்லாத அதே வயசுக்காரங்களோட ஒப்பீடு, 3 மாசம். அந்த 3 மாசம் சும்மா போட்டதில்ல, சிவப்பணு ஏறக்குறைய 120 நாள்தான் உயிரோட இருக்கும், சர்க்கரை ஹீமோகுளோபின்ல என்சைம் எதுவும் இல்லாம தானா ஒட்டிக்கிட்டு அந்த செல்லு சாகுற வரைக்கும் கூடவே இருக்கும், அதனால பழைய செல்லுங்க போயி புதுசு வந்தாதான் மாத்தம் தெரியும். இரும்பு இல்லாதப்போ புது செல்லு உற்பத்தி மந்தமாகி வயசான செல்லு விகிதம் கூடிடுது, அதனால எச்பிஏ1சி ஏறுதுன்றது ஒரு விளக்கம். எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லலைன்றதையும் மனசுல வச்சுக்கோங்க, சொல்லியிருந்தா நீங்க பண்ணவே வேண்டியதில்லையே.

கைடு குடுக்குற டாபிக் போரா இருக்குன்னு மூஞ்ச சுளிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 1986ல சென்னை மெடிக்கல் காலேஜ்ல மைக்ரோபயாலஜி படிச்ச நிர்மலா செல்லப்பனுக்கு அவங்க பேராசிரியை சுனிதி சாலமன் குடுத்த தீசிஸ் டாபிக் எச்ஐவி தேடறது. இந்தியாலயே அது இல்லைன்னு எல்லாரும் நெனச்சிட்டிருந்த நேரம், தேடுனா ஒண்ணும் கெடைக்காதுன்னுதான் நிர்மலாவும் நெனச்சாங்க. அங்க எலிசா டெஸ்ட் பண்ற வசதி இல்ல, சீரத்த (ரத்தம் ஒறைஞ்சப்புறம் பிரியிற தெளிவான திரவம்) வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்து ராத்திரி ரயில்ல நம்ம வேலூர் சிஎம்சிக்கு எடுத்துட்டு வந்தாங்க, ஜேக்கப் ஜான் லேப்ல டெஸ்ட் பண்ணப்போ 6 சாம்பிள் பாசிட்டிவ். நாட்டோட மொத எச்ஐவி கண்டுபிடிப்பு ஒரு பிஜி தீசிஸ்ல இருந்து வந்ததுதான். சீரத்த ஒழுங்கா பிரிச்சு, கெடாம குளிர்ல வச்சு கொண்டுவந்ததால டெஸ்ட் பண்ண முடிஞ்சிதுன்றதையும் சேத்து கவனிங்க.

முன்னாடி வந்த ஆய்வுகள பப்மெட்ல (மருத்துவக் கட்டுரைங்கள தேடுற வெப்சைட்) தேடுங்க, இலவசம். சும்மா வார்த்தைய தட்டாம மெஷ் தலைப்பு (பப்மெட்டே வகைப்படுத்தி வச்சிருக்குற தலைப்புச் சொல்) வச்சு தேடுனா குப்பை குறையும். படிக்கும்போது முடிவ விட, எப்படி பண்ணாங்கன்ற பகுதிய ரெண்டு தடவ படிங்க, எந்த முறைல எச்பிஏ1சி அளந்தாங்க, ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு இருப்பு எவ்ளோன்னு காட்டுற புரதம்) கட்-ஆஃப் என்ன வச்சாங்கன்னு ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க. இந்த நோட்டுதான் பின்னால தீசிஸ்ல விவாதப் பகுதி எழுதறப்போ காப்பாத்தும்.

படி 2: ஆள் யாரு, எங்கேர்ந்து வர்றாங்க

வேலூர்ல இது ஒரு தனிப் பிரச்சன. காந்தி ரோட்டுல நடந்து போனா லாட்ஜ் போர்டுல பெங்காலி எழுத்து இருக்கும், மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ்னு எங்கேர்ந்தோ வைத்தியத்துக்கு வந்து மாசக்கணக்குல தங்குறவங்க. பெரிய ஆஸ்பத்திரி ஓபிடில 100 பேர எடுத்து "வேலூர் மாவட்டத்தில் இவ்வளவு சதவீதம்"னு எழுதுனா அது தப்பு, அது அந்த ஓபிடிக்கு வந்தவங்க சதவீதம், மாவட்டத்தோட சதவீதம் இல்ல. ஊர்ல எவ்ளோ பேருக்கு இருக்குன்னு தெரியணும்னா கே.வி.குப்பம், அணைக்கட்டு மாதிரி ப்ளாக்ல வீடு வீடா போற வேலைதான். நம்ம உதாரணம் ரெண்டு குரூப்ப ஒப்பிடுறது, அதனால ஓபிடி போதும், ஆனா ரெண்டு குரூப்பும் ஒரே ஓபிடில இருந்து வரணும். ரத்தசோகை கேஸ ஓபிடில எடுத்துட்டு கன்ட்ரோலுக்கு (ஒப்பிடுற குரூப்புக்கு) ஹாஸ்டல் பொண்ணுங்கள புடிச்சு உக்கார வைக்கிற பழக்கம் நெறைய பேருக்கு இருக்கு, சாப்பாடு, வேலை, உடம்பு எல்லாமே வேற வேற, அப்புறம் வித்தியாசம் எதனால வந்துச்சுன்னு சொல்லவே முடியாது.

பழைய கட்டுரைங்கள படிக்கும்போது மாவட்ட எல்லையையும் பாருங்க. 1989க்கு முன்னாடி வட ஆற்காடுன்னா திருவண்ணாமலையும் அதுல சேத்தி, 2019ல வேலூர்ல இருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சிடுச்சு. அப்போ 2011 சென்சஸ்ல இருக்குற வேலூர் மாவட்டமும் இப்போ இருக்குற வேலூரும் ஒண்ணு இல்ல, ரெண்டையும் சேத்து கணக்கு போட்டுடாதீங்க.

யார சேக்கறது, யார விடறதுன்றத முன்னாடியே எழுதிடுங்க. நம்ம கேஸ்ல சேக்க வேண்டியவங்க ஹீமோகுளோபின் 12க்கு கீழ, ஃபெரிட்டின் 15க்கு கீழ, வெறும் வயித்து சுகர் 100க்கு கீழ. விட வேண்டியவங்க கர்ப்பிணி, கிட்னி கோளாறு இருக்குறவங்க, கடந்த 3 மாசத்துல ரத்தம் ஏத்துனவங்க, ஏற்கனவே இரும்பு மாத்திரை சாப்பிடுறவங்க, ஹீமோகுளோபின் வகைல மாத்தம் இருக்குறவங்க. காய்ச்சல், வீக்கம் இருந்தா ஃபெரிட்டின் தானா ஏறிக்கும், இரும்பு இல்லாதவங்களுக்கும் நார்மல் மாதிரி காட்டும், அதனால கூடவே ஒரு சிஆர்பி (உடம்புல வீக்கம் இருக்கான்னு காட்டுற டெஸ்ட்) பாத்துடுங்க. "இரும்பு மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா"ன்னு கேட்டா இல்லம்பாங்க, "சத்து மாத்திரை, டானிக் ஏதாச்சும்?"னு கேட்டா பையில இருந்து அட்டையே எடுத்துக் காட்டுவாங்க.

படி 3: எத்தனை பேர் வேணும்

"சார் 50, 50 எடுத்துக்கட்டுமா" அப்படின்னு கேக்காதீங்க, கணக்கு போடுங்க. ரெண்டு குரூப்போட சராசரிய ஒப்பிட மூணு விஷயம் தேவை: எவ்ளோ வித்தியாசத்த கண்டுபிடிக்கணும், அளவுல எவ்ளோ பரவல் இருக்கு, எவ்ளோ உறுதி வேணும். வித்தியாசம் 0.3, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (எஸ்டி, அதாவது அந்தப் பரவல்) 0.5, 5% பிழை, 80% பவர் (இருக்குற வித்தியாசம் கண்ணுல படுற வாய்ப்பு)னு வச்சா: 2 பெருக்கல் 7.85 (அந்த பிழைக்கும் பவருக்கும் சேத்து வர்ற எண்) பெருக்கல் 0.25 (0.5ஓட வர்க்கம்), அத 0.09ஆல (0.3ஓட வர்க்கம்) வகுத்தா 43.6, அதாவது குரூப்புக்கு 44 பேர். 10% பேர் பாதில நின்னுடுவாங்கன்னு கணக்கு போட்டா 49. இந்த 0.5 எங்கேர்ந்து வந்துச்சுன்னு வைவால (வாய்மொழிப் பரீட்சைல) கேப்பாங்க, நீங்க படிச்ச பழைய ஆய்வுல இருந்தோ உங்க பைலட்ல (முன்னோட்டமா பண்ற சின்ன ஆய்வு) இருந்தோ வந்திருக்கணும், இங்க நான் சும்மா உதாரணத்துக்கு போட்டிருக்கேன், அப்படியே காப்பி பண்ணிடாதீங்க. 0.3 வித்தியாசம் எதுக்குன்னும் யோசிங்க: 5.7ல இருந்து 6.4 வரைக்கும் ப்ரீடயபெடிஸ், 6.5 ஆனா டயபெடிஸ்னு சொல்றோம், அந்தக் கோட்டுகிட்ட நிக்கிற ஒருத்தருக்கு 0.3ன்றது சுகர் பேஷன்ட்டுன்னு முத்திரை குத்தறதா வேணாமான்ற அளவுக்கு பெருசு.

படி 4: எதிக்ஸ் கமிட்டி, கன்சென்ட், பதிவு

ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 தேசிய வழிகாட்டுதல் இருக்கு, ஒரு தடவையாச்சும் முழுசா படிங்க. கமிட்டில 7ல இருந்து 15 பேர், தலைவர் வெளி ஆளா இருக்கணும், சட்டம் தெரிஞ்சவர், மருத்துவம் சாராத சாதாரண ஆளுன்னு கலந்து இருப்பாங்க. அந்த சாதாரண ஆளு கேக்குற கேள்விக்குதான் நம்மாளுங்க திணறுவாங்க, "இந்தம்மாவுக்கு இதுல என்ன லாபம், டெஸ்டுக்கு யார் காசு குடுக்குறது?" ஆய்வுக்காக பண்ற டெஸ்டுக்கு பேஷன்ட் கிட்ட பைசா வாங்கக் கூடாது, அத பட்ஜெட்ல காட்டுங்க. பஸ் செலவு, ஒரு நாள் கூலி போறதுக்கு ஈடு குடுக்கலாம், ஆனா அந்த காசுக்காகவே வர்ற அளவுக்கு இருக்கக் கூடாது. மொத டியூப் எடுக்குறதுக்கு முன்னாடி அனுமதி கைல இருக்கணும், சாம்பிள எடுத்துட்டு பின்னாடி அனுமதி வாங்கலாம்னு யாராச்சும் ஐடியா குடுத்தா காதுல வாங்காதீங்க.

தகவல் தாள தமிழ்ல எழுதறேன்னு "உயிர்வேதியியல் குறிகாட்டிகள்" எல்லாம் போடாதீங்க. "உங்க கைல இருந்து ரெண்டு ஸ்பூன் அளவுக்கு ரத்தம் எடுப்போம், மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ எடுப்போம், வேணாம்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம், அதனால உங்க வைத்தியம் எதுவும் மாறாது" இப்படி எழுதுங்க. ஆம்பூர், வாணியம்பாடில உருது பேசுறவங்க, ஆந்திரா எல்லையோரமா தெலுங்கு பேசுறவங்க நெறைய இருக்காங்க, அவங்கள எடுக்கப் போறீங்கன்னா அந்த மொழிலயும் தாள் வேணும். படிக்கத் தெரியாதவங்ககிட்ட கைநாட்டு வாங்கும்போது உங்க டீம்ல இல்லாத ஒரு சாட்சி பக்கத்துல இருக்கணும்.

சிடிஆர்ஐ (இந்திய ட்ரையல் பதிவேடு) பதிவு இலவசம். மருந்து குடுத்துப் பாக்குற ட்ரையல்னா கண்டிப்பா வேணும், 2018 ஏப்ரல் 1ல இருந்து மொத ஆள் சேர்றதுக்கு முன்னாடி பண்ணாதான் ஏத்துக்குறாங்க. நம்ம உதாரணத்துல இரும்பு மாத்திரை எப்படியும் குடுக்குற வைத்தியம்தான், நாம கவனிக்க மட்டும்தான் செய்றோம், ஆனாலும் பதிவு பண்ணிடறது நல்லது.

படி 5: சாம்பிள், இங்கதான் ஆய்வோட உசுரு

வெறும் வயித்துல வாங்கன்னு சொன்னா நம்ம ஊர்ல டீ குடிச்சிட்டு வருவாங்க. பொய் சொல்றாங்கன்னு இல்ல, டீ சாப்பாட்டு கணக்குல வராது அவங்களுக்கு. அதனால "காலைல டீ, காபி, பால், பிஸ்கெட் ஏதாச்சும்?"னு தனித்தனியா கேட்டு ஃபார்ம்ல குறிங்க. ஷூ கம்பெனிக்கு போறவங்களுக்கு காலைலயே கம்பெனி வேன் வந்துடும், அவங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான் சரிப்படும், நீங்கதான் லீவ தியாகம் பண்ணனும். ரத்தத்துல இரும்பு அளவு ஒரே நாளுக்குள்ளயே ஏறி இறங்கும், அதனால எல்லாருக்கும் காலைலயே, ஒரே நேர இடைவெளிக்குள்ள எடுங்க, ஒருத்தருக்கு காலைல 8 மணி இன்னொருத்தருக்கு மத்தியானம் 3 மணின்னு வேணாம்.

டூர்னிக்கெட்ட ஒரு நிமிஷத்துக்கு மேல கட்டி வைக்காதீங்க, கைய மூடி மூடி தெறக்க சொல்லாதீங்க. டியூப் வரிசை முக்கியம்: மொதல்ல சீரம் டியூப், அப்புறம் ஊதா மூடி ஈடிடிஏ (ரத்தம் ஒறையாம தடுக்குற ரசாயனம்), கடைசில சாம்பல் மூடி ஃப்ளோரைடு. மாத்தி எடுத்து ஈடிடிஏ கொஞ்சம் சீரம் டியூப்ல கலந்துட்டா பொட்டாசியம் தாறுமாறா ஏறும், கால்சியம் விழும், ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் கொறஞ்சு காட்டும். இந்த மூணும் சேந்து வந்தா பேஷன்ட்ட ஐசியூக்கு அனுப்பறதுக்கு முன்னாடி டியூப்ப சந்தேகப்படுங்க.

ஃப்ளோரைடு டியூப் பத்தி ஒரு மூடநம்பிக்கை இருக்கு, அதுல போட்டா சுகர் அப்படியே நிக்கும்னு. நிக்காது. பிரிக்காம வச்ச ரத்தத்துல செல்லுங்க மணிக்கு 5ல இருந்து 7% சர்க்கரைய தின்னுட்டே இருக்கும், ஃப்ளோரைடு தடுக்கறது கிளைக்காலிசிஸோட (செல்லு சர்க்கரைய ஒடைக்கிற தொடர் வேலை) பின்பாதில இருக்குற ஈனோலேஸ் என்சைம, அதுக்கு முன்னாடி இருக்குற படிகள் இன்னும் ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஓடிட்டேதான் இருக்கும். வேலூர் மே மாச வெயில்ல, 40 டிகிரி தாண்டி அடிக்கிற நேரத்துல, அணைக்கட்டு பக்கத்துல ஒரு கேம்ப்ல எடுத்த டியூப்ப பைக் டிக்கில போட்டு கொண்டுவந்தா 104 இருந்தவங்க 98 ஆகி உங்க ஆய்வுக்குள்ள நொழஞ்சிடுவாங்க, 100க்கு கீழன்னு நீங்க போட்ட கோட்டுக்கு அர்த்தமே போச்சு. ஐஸ் பாக்ஸ் கொண்டு போங்க, எடுத்த ஒடனே குளிர்ல வைங்க, முடிஞ்சா கேம்ப்லயே ஒரு சின்ன சென்ட்ரிஃப்யூஜ் வச்சு பிளாஸ்மாவ பிரிச்சிடுங்க. ஐஸ் கட்டி மேல டியூப் நேரடியா படக்கூடாது, செல்லு ஒடஞ்சிடும், நடுவுல ஒரு துணியோ ரேக்கோ வேணும்.

சீரம் டியூப்ப ஒரு அரைமணி நேரம் நேரா நிக்க வச்சு ஒறைய விட்டு அப்புறம்தான் சுத்தணும். அவசரப்பட்டு சுத்துனா ஃபைப்ரின் நூல் நூலா வந்து மெஷின் ஊசிய அடைச்சுக்கும், டெக்னீசியன் அண்ணன் உங்கள தேடிட்டு வருவார். சென்ட்ரிஃப்யூஜ்ல ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) மட்டும் எழுதாதீங்க, ஜி அளவு (சாம்பிள் மேல விழுற விசை) எழுதுங்க. 3000 ஆர்பிஎம் சுத்துனா ஆரம் 15 செ.மீ. இருக்குற மெஷின்ல ஏறக்குறைய 1500 ஜி, 10 செ.மீ. மெஷின்ல 1000தான், ரெண்டும் ஒண்ணு இல்ல.

எச்பிஏ1சிக்கு ஈடிடிஏ முழு ரத்தம் ஃப்ரிட்ஜ்ல 2ல இருந்து 8 டிகிரில ஒரு வாரம் வரைக்கும் தாங்கும், மைனஸ் 20ல போட வேண்டாம். ஃபெரிட்டினுக்கு சீரத்த சின்ன சின்ன குப்பில பிரிச்சு மைனஸ் 80ல வைங்க, ஒரே குப்பிய எடுத்து உருக்கி மறுபடி ஒறைய வைக்கிற வேலை ஆகாது. தானா பனி நீக்குற வீட்டு ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம், அது பனி நீக்கறதுக்காக அப்பப்போ சூடாகும், உங்க சாம்பிளும் கூடவே உருகி ஒறையும். கரண்ட் போனா யார் வந்து பாப்பாங்கன்னு பேர், போன் நம்பரோட ஃப்ரீசர் கதவுல ஒட்டுங்க. லேபிள பேனாவுல எழுதாதீங்க, ஒறைஞ்சு ஈரமானதும் அழிஞ்சிடும்.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடுறவங்க இப்ப நெறைய. பயோட்டின்-ஸ்ட்ரெப்டவிடின் முறைல ஓடுற இம்யூனோஅசேக்கள்ல (ஆன்டிபாடி வச்சு அளக்குற டெஸ்டுங்க) அது ரிசல்ட்ட கெடுக்கும். ஃபார்ம்ல அதுக்கும் ஒரு கட்டம் போடுங்க.

படி 6: மெஷின்

இப்போ கிட் பேசலாம். எச்பிஏ1சி முறை என்ஜிஎஸ்பி (எச்பிஏ1சி முறைகள தரப்படுத்துற அமைப்பு) சான்று வாங்குனதா பாருங்க, ஹெச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகள தனித்தனியா பிரிச்சு அளக்குற முறை) இருந்தா ஹீமோகுளோபின் வகை மாத்தமும் கிராஃப்ல தெரியும், வந்த நம்பர மட்டும் எடுக்காம கிராஃபயும் கண்ணால பாருங்க. கன்ட்ரோல் (அளவு முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள்) ஓட்டாம பேஷன்ட் சாம்பிள் ஓட்டாதீங்க. அந்த ரிசல்ட்ட தினமும் குறிச்சு வைக்கிற லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்ல ஒரு கன்ட்ரோல் 3 எஸ்டி தாண்டுனாலோ, தொடர்ந்து ரெண்டு ஒரே பக்கமா 2 எஸ்டி தாண்டுனாலோ அன்னைக்கு ரிசல்ட் கெடையாது, காரணத்த கண்டுபிடிச்சு மறுபடி ஓட்டுங்க. இந்த வெஸ்ட்கார்ட் ரூல் 1981ல இருந்து இருக்கு, வைவால நிச்சயம் வரும். வெளித்தர ஒப்பீட்டுக்கு சிஎம்சி க்ளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி நாடு முழுக்க இருக்குற லேபுகளுக்கு நடத்துற ஈக்வாஸ் (வெளித்தர மதிப்பீடு) திட்டம் இருக்கு, உங்க லேப் அதுல இருந்தா அந்த ரிப்போர்ட்ட தீசிஸ் பின்னிணைப்புல வைக்கலாம்.

ஃபெரிட்டின மொத விசிட்டும் 3 மாச விசிட்டும் சேத்து ஒரே நாள்ல ஒரே கிட் லாட்ல (ஒரே தடவ தயாரிச்ச தொகுதில) ஓட்டுங்க. எச்பிஏ1சி சாம்பிள ஃப்ரிட்ஜ்ல அவ்ளோ நாள் நிறுத்தி வைக்க முடியாது, அதனால லாட் மாறுன தேதிய குறிச்சு வைங்க, லாட் மாறும்போது பழைய லாட் புது லாட் ரெண்டுலயும் கொஞ்சம் சாம்பிள் ஓட்டிப் பாருங்க. இல்லன்னா நீங்க கண்டுபிடிச்ச 0.3 இரும்பால வந்ததா லாட்டால வந்ததான்னு உங்களுக்கே தெரியாது.

படி 7: திரும்ப வர வைக்கிறது

ரோட்டாவேக் தடுப்பூசி ட்ரையல் டெல்லி, புனே, வேலூர்னு மூணு இடத்துல 6799 குழந்தைங்கள வச்சு நடந்து 2014ல லான்செட்ல வந்துச்சு. அவ்ளோ பெரிய வேலை நின்னது வீட்டுக்கு வீடு போயி ஃபாலோ அப் பண்ண களப்பணியாளர்கள் மேல. உங்களுக்கு அந்த ஆள்பலம் கெடையாது, அதனால ரெண்டு போன் நம்பர் வாங்குங்க, ஒண்ணு பக்கத்து வீட்டுதா இருந்தாலும் பரவால்ல, எத சொல்லி கூப்பிடலாம்னும் கேட்டுக்கோங்க, ஆஸ்பத்திரில இருந்துன்னு சொன்னா சில வீட்ல சண்ட ஆயிடும். தேதி குடுக்கும்போது காலண்டர் பாருங்க. வைகாசி 1ல குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா, அந்த வாரத்துல அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தரும் வரமாட்டாங்க, ஆடிக் கிருத்திகை, பொங்கல் எல்லாம் அதே கதைதான். மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களான்னு தெரிய காலி அட்டைய எடுத்துட்டு வர சொல்லி எண்ணுங்க, பல பேர் வயிறு எரியுது, மலம் கருப்பா போகுதுன்னு பத்து நாள்ல நிறுத்திடுவாங்க. கருப்பா போறது சகஜம்னு மொத நாளே சொல்லிடுங்கம்மா, பாதி பேராச்சும் நிறுத்தாம சாப்பிடுவாங்க.

படி 8: டேட்டா, கணக்கு

பேரு ஒரு ஃபைல்ல, கோடு நம்பர் போட்ட ரிசல்ட் வேற ஃபைல்ல. ஷீட்ல ஒரு நெடுவரிசைக்கு ஒரே யூனிட். மெஷின் "5க்கும் குறைவு"ன்னு குடுத்தத அப்படியே எழுத்தா அடிச்சீங்கன்னா சாஃப்ட்வேர் அத காலின்னு எடுத்துக்கும், ரொம்ப கம்மியா இருந்தவங்க எல்லாரும் கணக்குல இருந்து காணாம போயிடுவாங்க, அவங்கதான் உங்களுக்கு முக்கியமானவங்களே. அத எப்படி கையாளப் போறீங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க.

கணக்கு போடற சாஃப்ட்வேர்ல ஆர், ஜமோவி ரெண்டும் இலவசம், திருட்டு சாஃப்ட்வேர் தேவையே இல்ல. ரெண்டு குரூப்புக்கு டி டெஸ்ட், அதே ஆள் முன்ன பின்ன பாக்க பேர்ட் டி டெஸ்ட், ஃபெரிட்டின் ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கும் அதுக்கு மீடியன் (வரிசைல நடு மதிப்பு). பி வேல்யூ மட்டும் எழுதாம எவ்ளோ வித்தியாசம், அதோட 95% கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல் என்னன்னு எழுதுங்க. ரெண்டு மெஷின ஒப்பிட கோரிலேஷன் போடாதீங்க, ஒரு மெஷின் எப்பவுமே 1 அதிகமா காட்டுனாலும் கோரிலேஷன் 0.99 வரும், அதுக்கு ரெண்டு மெஷினோட வித்தியாசத்த வரைஞ்சு காட்டுற ப்ளாண்ட்-ஆல்ட்மன் படம்தான் சரி.

படி 9: எழுத்து, தேதி

கவனிப்பு ஆய்வுக்கு (வைத்தியத்த மாத்தாம பாக்க மட்டும் செய்றது) என்னென்ன எழுதணும்னு சொல்ற ஸ்ட்ரோப் செக்லிஸ்ட் எடுத்து ஒவ்வொண்ணா டிக் பண்ணிட்டே எழுதுங்க. வித்தியாசம் வரலைன்னாலும் அத அப்படியே எழுதுங்க, எக்சாமினர் ஃபெயிலாக்க மாட்டாங்க. ரெண்டே நாள்ல ஏத்துக்கிட்டோம் காசு கட்டுங்கன்னு மெயில் வர்ற ஜர்னல் பக்கம் போகாதீங்க. ஆய்வுல யாருக்காச்சும் நெஜமாவே சுகர் வெளிப்பட்டுச்சுன்னா தீசிஸ் முடியற வரைக்கும் காத்திருக்காம அந்த வாரமே கூப்பிட்டு சொல்லி ஓபிடிக்கு அனுப்புங்க.

கடைசியா தேதிக் கணக்கு, பின்னாடில இருந்து போடுங்க. பரீட்சைக்கு 6 மாசம் முன்னாடி தீசிஸ் குடுக்கணும், அதாவது 3 வருஷ கோர்ஸ்ல 30வது மாசம். கணக்குக்கும் எழுத்துக்கும் 4 மாசம் விட்டா 26வது மாசத்தோட டேட்டா மூடணும், ஃபாலோ அப் 3 மாசம், அப்போ கடைசி ஆள 23வது மாசம் சேத்திருக்கணும். எதிக்ஸ் கமிட்டி, கிட் ஆர்டர் எல்லாம் முடிஞ்சு 9வது மாசம் ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டு குரூப்புக்கும் சேத்து 98 பேர 14 மாசத்துல எடுக்கணும், மாசத்துக்கு 7 பேர். ஓபிடி ரெஜிஸ்டர்ல போன வருஷம் மாசத்துக்கு எத்தனை பேர் இந்த வரையறைக்குள்ள வந்தாங்கன்னு எண்ணிட்டு, 7 வருமான்னு பாத்துட்டு, அப்புறம் கைடு ரூம் கதவ தட்டுங்க.